கே67 கேப்சூலை டிஜிட்டல் இன்டர்ஃபேஸில் போட்டால் 'ச' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது, என்ன செய்யலாம்?

குரல்வழி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒலிநூல் வாசித்துப் பதிவு செய்கிறேன், பெரும்பாலும் கதைகள். இதுவரை ஒரு டைனமிக் மைக்கை (தனியாக மின்சாரம் தேவைப்படாத, காந்தச் சுருள் வகை) வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோ மைக்கான நியூமன் யு87-இல் பதிவான குரல்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த நெருக்கமும் தெளிவும் வேண்டும் என்று ஆசையாக இருக்கும், ஆனால் அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பாகங்களை ஆன்லைனில் தனித்தனியாக வாங்கி நானே சேர்த்தேன்: ஒரு காலி மைக் உடம்பு, நியூமனின் கே67 மாதிரியில் செய்த 34 மில்லிமீட்டர் கேப்சூல் (ஒலியை வாங்கும் சவ்வுள்ள பாகம்), அப்புறம் அதன் சிக்னலைக் கேபிளுக்கு அனுப்பும், ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒரு எஃப்இடி (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) போர்டு. போர்டை விற்றவர் 'ஷோப்ஸ் டைப்' என்று மட்டும் எழுதியிருந்தார். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து 48 வோல்ட் கொடுத்ததும் உடனே வேலை செய்தது, இரைச்சலும் குறைவுதான்.

பிரச்சினை 'ச' ஒலியில். "வாசலில் ஓசை கேட்டு சரசு எழுந்தாள்" என்று வாசித்தால் அந்த ஒரு வரியிலேயே நான்கு இடத்தில் காதைக் குத்துகிறது. ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தால் 8 கிலோஹெர்ட்ஸில் ஏற ஆரம்பித்து 12 வரை ஒரு மேடு தெரிகிறது. பழைய டைனமிக்கில் இதே வரி, இதே அறை, இந்தத் தொல்லை இல்லை. அறையில் மெத்தை, போர்வை எல்லாம் தொங்கவிட்டிருக்கிறேன், ஃபேனை அணைத்துவிட்டுத்தான் வாசிக்கிறேன்.

கேள்விகள் இவைதான். கேப்சூல் மோசமானதா? 'ச' ஒலியை அமுக்கும் டி-எஸ்ஸரை மென்பொருளில் போட்டுச் சமாளித்துவிடலாமா? இல்லை, இந்தப் போர்டையே எடுத்துவிட்டு உள்ளே ஒரு யூஎஸ்பி போர்டைப் பொருத்தி நேராகக் கணினியில் செருகினால் சுத்தமாக வருமா?


வால்வுராஜா:

தம்பி, கேப்சூலைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் வாங்கிய கேப்சூல் ஒரு நல்ல டிசைனின் நகல், போர்டு இன்னொரு நல்ல டிசைனின் நகல். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை, அவ்வளவுதான்.

கதை 1960-இல் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் நியூமனின் பெரிய பெயர் 1949-இல் வந்த யு47, டெலிஃபங்கன் விஎஃப்14 வால்வை (வெற்றிடக் குழாய்) வைத்துக் கட்டியது. 1960-இல் யு67 வந்தது, வால்வு இஎஃப்86, கேப்சூல் புதிய கே67. இந்தக் கே67-ஐ வேண்டுமென்றே உச்ச அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும்படி செய்தார்கள். கேப்சூல் தூக்கியதை வால்வுக்குப் பின்னால் சர்க்யூட் இறக்கிவிடும். யு67-இன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் இதற்கென்றே மூன்றாவதாக ஒரு சுற்று உண்டு, அதிலிருந்து நெகட்டிவ் ஃபீட்பேக் எடுத்து, அதாவது வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்து, மேல் பகுதியைத் தணிக்கிறார்கள். எதற்கு இந்தச் சுற்றுவழி என்றால், வால்வின் 'உஸ்' இரைச்சல் காதில் அதிகம் படுவது மேல் பகுதியில்தான். சிக்னலை முதலிலேயே அங்கே ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்னால் இறக்கினால், வால்வின் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். எஃப்எம் ரேடியோவில் ஒலிபரப்பும் பக்கம் ஏற்றி, வாங்கும் பக்கம் இறக்குகிறார்களே, அதே வித்தைதான்.

1967-இல் யு87 வந்தபோது வால்வு போய் எஃப்இடி வந்தது, ஆனால் கேப்சூல் அதே வம்சம், தணிக்கும் ஃபீட்பேக்கும் சர்க்யூட்டில் அப்படியே தொடர்ந்தது. அதனால் நீங்கள் ஆசைப்பட்ட அந்த ஒலியில் கேப்சூல் பாதிதான், மீதிப் பாதி அதற்குப் பின்னால் இருக்கும் அந்தத் தணிப்பு.

இப்போது உங்கள் போர்டுக்கு வருவோம். ஷோப்ஸ் என்பது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரத்துக் கம்பெனி. அவர்களுடைய ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட் உண்மையிலேயே அழகானது: ஒரே எஃப்இடி சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டாகப் பிரிக்கும், இரண்டு ட்ரான்சிஸ்டர்கள் அதைக் கேபிளுக்குள் தள்ளும். ஆனால் அவர்கள் அதை அமைத்தது தங்களுடைய சிறிய டயஃப்ரம் (சவ்வு) கேப்சூல்களுக்காக. அவை ஏற்கெனவே சமனான பதில் கொடுப்பவை, எனவே சர்க்யூட்டும் வந்ததை ஏற்றாமல் இறக்காமல் அனுப்பினால் போதும். விலை மலிவு என்பதாலும் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை என்பதாலும் பின்னாளில் பலரும் இந்தச் சர்க்யூட்டை எடுத்துக் கே67 நகலோடு சேர்த்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கருவாட்டைக் கழுவாமல் குழம்பில் போட்ட கதைதான். உப்பு கெடாமல் இருப்பதற்காகப் போட்டது, சமைக்கும் முன் அலச வேண்டியது. அலசும் வேலையை யாரும் செய்யவில்லை.

டிஜிட்டலில் இது இன்னும் உறைக்கும். அந்தக் காலத்தில் மைக்கிலிருந்து காது வரை நீண்ட கேபிள், ட்ரான்ஸ்ஃபார்மர்கள், டேப், டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்குப் பிரதி, கடைசியில் இசைத்தட்டு என்று ஒவ்வொரு படியிலும் உச்ச ஒலி கொஞ்சம் தேய்ந்துகொண்டே போனது. உங்கள் இன்டர்ஃபேஸ் ஒன்றையும் தேய்க்காது, கேப்சூல் தூக்கியது அத்தனையும் அப்படியே ஹெட்ஃபோனில் வந்து விழும்.

செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. சர்க்யூட்டில் அந்தத் தணிப்பைச் சேர்க்கலாம். இல்லையென்றால் கே67-ஐக் கழற்றிவிட்டு அதே அளவில் கிடைக்கும் கே47 மாதிரிக் கேப்சூலைப் போடலாம். கே47 யு47-இன் வம்சம், அதற்கு இந்த மேடு கிடையாது, சமனான சர்க்யூட்டோடு நன்றாகவே போகும். இதில் எதையும் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள்: மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கண் உயரத்துக்கு ஏற்றி, 30 அல்லது 40 டிகிரி பக்கவாட்டில் தள்ளி, ஒரு முழம் தூரத்தில் வைத்து வாசியுங்கள். 'ச' ஒலியின் காற்று நேர்கோட்டில்தான் அதிகம் பாயும். பாதித் தொல்லை அங்கேயே போய்விடும்.


மிக்ஸ்மேசை:

ராஜா அண்ணன் சொன்ன வரலாறு சரி, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. 1960-இல் இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை, சர்க்யூட்டில்தான் இறக்க வேண்டும். இப்போது எந்த மென்பொருளை எடுத்தாலும் உள்ளே ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) இருக்கிறது. 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒரு ஹை-ஷெல்ஃப், அதாவது அதற்கு மேல் உள்ளது எல்லாம் மொத்தமாக 4 முதல் 6 டெசிபெல் வரை கீழே. வேலை முடிந்தது. எந்த இடத்தில் இறக்கினாலும் அது இறக்கம்தான். எஃப்இடியின் இரைச்சலும் கூடவே இறங்குகிறது, ஆக அந்தப் பழைய லாபமும் கையைவிட்டுப் போகவில்லை. சால்டரிங் பழக்கம் இல்லாதவரை கேப்சூல் பக்கம் கையை வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்தச் சவ்வு 6 மைக்ரான் தடிமன், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல் பகுதி கொஞ்சம் தூக்கலாக இருப்பதே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. நியூமனே 1997-இல் டிஎல்எம் 103-ஐக் கொண்டுவந்தபோது கே67 வம்சத்துக் கேப்சூலைத்தான் எடுத்தார்கள், ட்ரான்ஸ்ஃபார்மரை விட்டார்கள், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுமார் 4 டெசிபெல் தூக்கலைத் தெரிந்தே வைத்தார்கள். மைக்கின் சொந்த இரைச்சல் 7 டெசிபெல்-ஏ (காது உணரும் விதத்துக்கேற்ப எடைபோட்ட அளவு) மட்டுமே. குரல் பதிவுக்கு அதை விரும்பி வாங்குபவர்கள் ஏராளம். தூக்கல் எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. அதை ஈக்யூவில் திருகிப் பார்த்துக் கண்டுபிடிப்பது மாதிரி சர்க்யூட்டில் முடியாது.

டி-எஸ்ஸரை மட்டும் நம்ப வேண்டாம். அது 'ச' வரும் கணத்தில் மட்டும் அமுக்கும். அமுக்கு கொஞ்சம் கூடினாலும் வாசிப்பவருக்கு நாக்கு தடித்த மாதிரி ஆகிவிடும். முதலில் ஈக்யூவில் மொத்தமாக இறக்குங்கள், மிச்சம் இருந்தால் டி-எஸ்ஸர் லேசாக.


வால்வுராஜா:

மேசை சொல்வதில் முக்கால்வாசியை நான் ஏற்கிறேன். பேச்சுக் குரல் அளவில் எஃப்இடி திணறப் போவதில்லை, ஆகவே பின்னால் இறக்கினாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் கால்வாசி மிச்சம் இருக்கிறது, ஒலிநூல் வாசிப்பவருக்கு அந்தக் கால்வாசிதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

வாசிக்கும்போது காதில் ஹெட்ஃபோன் இருக்கிறது, இல்லையா? அதில் கேட்பது ஈக்யூ போடாத, நேரடியான மைக் ஒலி. ஒவ்வொரு 'ச'வும் காதைக் குத்தினால் வாசிப்பவர் தன்னை அறியாமலே அந்த எழுத்தை விழுங்க ஆரம்பிப்பார், குரலைத் தாழ்த்துவார், வரியின் வேகம் மாறும். ஒரு மணி நேரம் போனால் களைப்பு குரலிலேயே தெரியும். அதை எந்த ஈக்யூவும் பிறகு திருத்தாது. நல்ல மைக், மைக் இருப்பதையே வாசிப்பவருக்கு மறக்கச் செய்ய வேண்டும், தன் குரலையே கண்காணிக்க வைக்கக் கூடாது. ஸ்டுடியோவில் மைக் தேர்வு செய்யும்போது பாடகர் காதில் எது இதமாக இருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

அப்புறம் தலைக்கூடு, அதாவது கேப்சூலை மூடியிருக்கும் வலைக்கூண்டு. விலை குறைந்த உடம்புகளில் வலை தடிமனாக இரண்டு மூன்று அடுக்கு இருக்கும், கேப்சூலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். உள்ளே போன ஒலி வலையில் பட்டுத் திரும்பிக் கேப்சூலில் மறுபடி விழும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். இது வாசிப்பவர் தலையைத் திருப்பத் திருப்ப மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒரே ஈக்யூ எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. உள் வலையைக் கழற்றிவிட்டு வெளி வலையை மட்டும் வைத்து, முன்னால் ஒரு பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் திரை) போட்டுக் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.


நெய்தல்:

நான் கடலோர ஊர்க்காரன், வேறு ஒரு கோணத்தைச் சொல்கிறேன். 'இரைச்சல் குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அது மழைக்காலத்திலும் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுடையது மாதிரிக் கண்டென்சர் மைக்கில் கேப்சூலின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டம் தேக்கும் அளவு) சில பத்து பிகோஃபாரட் மட்டுமே. அது எஃப்இடியோடு சேரும் முனையில் இருக்கும் மின்தடை 1 கிகாஓம், அதாவது நூறு கோடி ஓம். அந்த அளவுக்கு மின்தடை இருக்கும் இடத்தில் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, சால்டரிங்கில் மிஞ்சிய ஃப்ளக்ஸ், ஈரக்காற்று எதுவானாலும் மின்சாரம் கசிய ஒரு பாதைதான். அறிகுறி என்னவென்றால் முதலில் லேசான 'படபட', அப்புறம் தாழ்ந்த குரலில் ஒரு உறுமல், சில சமயம் ஒலியே தேய்ந்து பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வரும். நவம்பரில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏசி இல்லாத அறையில் இது சர்வசாதாரணம். பழைய ஜெர்மன் மைக்குகளைத் திறந்து பார்த்தால் அந்த ஒரு முனை மட்டும் போர்டின் மேல் படாமல் டெஃப்லான் தூணில் அந்தரத்தில் நிற்கும், காரணம் இதுதான். மலிவுப் போர்டுகளில் அந்த முனையும் சாதாரண ஃபைபர் போர்டில்தான் பதிந்திருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து எஃப்இடி, கிகாஓம் ரெசிஸ்டர், கேப்சூல் ஒயர் சேரும் இடம் ஆகியவற்றைக் கழுவுங்கள். கேப்சூலின் தங்க முகத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். காய்ந்ததும் விரலால் தொடாமல் மூடிவிடுங்கள். பதிவு இல்லாத நேரத்தில் மைக்கை சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஸ்டாண்டிலேயே விட்டால் ஈரமும் ஏறும், தூசியும் சவ்வில் ஒட்டும்.

எஃப்இடியை மாற்றச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள், 2எஸ்கே170 போடு, இரைச்சலே இல்லை என்பார்கள். அது அருமையான எஃப்இடி, ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. அதன் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 30 பிகோஃபாரட். 50 பிகோஃபாரட் கேப்சூலோடு அதை இணைத்தால் சிக்னலில் 4 டெசிபெல் அங்கேயே கரைந்துவிடும், குறைத்த இரைச்சலால் கிடைத்த லாபமும் கூடவே போய்விடும். டைனமிக் மைக்குக்குப் பின்னால் போடும் பூஸ்டர் மாதிரி இடங்களில்தான் அதற்கு வேலை. போதாததற்கு டோஷிபா அதை எப்போதோ நிறுத்திவிட்டது, இப்போது ஆன்லைனில் அந்தப் பெயரில் வருவதில் போலிதான் அதிகம்.


குரல்வழி:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விளக்கம் எதிர்பார்க்கவில்லை. ராஜா அண்ணா சொன்ன மாதிரி மைக்கைக் கண் உயரத்துக்கு ஏற்றிப் பக்கவாட்டில் தள்ளி வைத்தேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. 'வாசல்', 'ஓசை' இரண்டும் அடங்கிவிட்டன. 'சரசு' மட்டும் இன்னும் கொஞ்சம் எழும்புகிறது. ஹெட்ஃபோன் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, நான் 'ச'வை விழுங்கித்தான் வாசித்திருக்கிறேன் என்பது பழைய பதிவைக் கேட்டால் தெரிகிறது.

யூஎஸ்பி போர்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொரு சந்தேகமும் உண்டு. இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் டைனமிக்கிலேயே இருந்துவிடலாமா? அதில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுக்கத் திருக வேண்டியிருக்கிறது, அதனால் இரைச்சல் வருமே என்றுதான் மாறினேன்.


பிட்_24:

யூஎஸ்பி கேள்விக்கு நான் வருகிறேன், என் வேலையே அந்தப் பக்கம்தான்.

மைக்குக்குள்ளேயே டிஜிட்டலாக மாற்றும் யோசனை புதிதும் இல்லை, தப்பும் இல்லை. நியூமன் 2000-களின் தொடக்கத்திலேயே சொல்யூஷன்-டி என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள், கேப்சூலுக்கு அடுத்த அடியிலேயே ஏ/டி கன்வெர்ட்டர் (சிக்னலை டிஜிட்டல் எண்களாக மாற்றுவது). அதற்கென்றே ஏஇஎஸ்42 என்று ஒரு தரம் உண்டு. அதில் மைக்குக்கு 48 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் போகும், அதே கேபிளில் கெயினை மாற்றும் கட்டளையும் போகும், பல மைக்குகளை ஒரே கடிகாரத்துக்கு ஒத்திசைக்கவும் முடியும். பின்னால் டிஎல்எம் 103-க்கும் ஒரு டிஜிட்டல் வடிவம் வந்தது. பழைய கேப்சூலை டிஜிட்டல் உலகத்துக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் எனக்கு மிகவும் மரியாதை உள்ளது இதுதான், பரவலாகாமல் போனதில் வருத்தமும் உண்டு.

ஆனால் அவர்கள் செய்ததும், கடையில் கிடைக்கும் சின்ன யூஎஸ்பி போர்டை உள்ளே சொருகுவதும் ஒன்றல்ல. நெய்தல் சொன்ன அந்தக் கிகாஓம் முனையை நினைத்துப் பாருங்கள். அதற்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் யூஎஸ்பியின் 5 வோல்ட், அதில் கணினியின் பவர் சப்ளை இரைச்சல், கூடவே டிஜிட்டல் கடிகாரம். சரியான ஷீல்டிங்கும் தரையிணைப்பும் இல்லாமல் போட்டால் மெல்லிய 'கீ' என்ற ஓசை பதிவில் வந்துவிடும், அதை நீக்குவது 'ச'வை நீக்குவதைவிடக் கஷ்டம். கேப்சூலுக்கு 60 வோல்ட் வரை போலரைசேஷன் (கேப்சூல் வேலை செய்யக் கொடுக்கும் நிலையான மின்னழுத்தம்) வேண்டும், அதை 5 வோல்ட்டிலிருந்து எழுப்ப ஒரு கன்வெர்ட்டர் தேவை, அதுவும் இரைச்சல் போடும். நாளைக்கே இருவர் வாசிக்கும் நாடகம் பதிவு செய்ய இரண்டு யூஎஸ்பி மைக் வைத்தால் இரண்டின் கடிகாரமும் தனித்தனி, நேரம் போகப் போக விலகும். ரோட் கம்பெனி 2023-இல் எக்ஸ்எல்ஆரும் (வழக்கமான மைக் கேபிள் இணைப்பு) யூஎஸ்பியும் சேர்த்து, 32-பிட் ஃப்ளோட்டோடு (மிக மெல்லியதும் மிகச் சத்தமானதும் அடங்கும் எண்முறை) ஐந்தாம் தலைமுறை என்டி1 மைக்கை வெளியிட்டது. அந்த மாதிரி ஆரம்பத்திலிருந்தே இதற்காக வடிவமைத்ததை வாங்குங்கள், தாராளமாக. கையில் இருப்பதற்கு உள்ளே யூஎஸ்பி வேண்டாம். 32-பிட் ஃப்ளோட் என்றால் எந்தச் சத்தமும் தாங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது கன்வெர்ட்டருக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கு முன்னால் இருக்கும் எஃப்இடி நிறைந்து வழிந்தால் வழிந்ததுதான் பதிவாகும்.

இப்போது டைனமிக். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்கை எடுத்துக்கொள்வோம், அதன் தாய் மாடல் எஸ்எம்7 1973-இல் வந்தது, வால்வு காலத்துக்குப் பிறகு என்றாலும் இன்றைக்குப் பார்த்தால் அதுவும் பழைய டிசைன்தான். 94 டெசிபெல் ஒலிக்கு அது கொடுப்பது 1.12 மில்லிவோல்ட். யு87-இன் இன்றைய வடிவம் அதே ஒலிக்கு 28 மில்லிவோல்ட் கொடுக்கும், 25 மடங்கு. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபெல், நான்கு விரல் தள்ளி 10 சென்டிமீட்டரில் வைத்தால் 80. அப்போது எஸ்எம்7பி-இலிருந்து வருவது சுமார் 0.22 மில்லிவோல்ட். இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டிபியு (0.775 வோல்ட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்று போட்டிருந்தால், அது 0.31 மைக்ரோவோல்ட். இரண்டுக்கும் இடைவெளி 57 டெசிபெல். அடுத்து உங்கள் அறை. ஃபேன் ஓடும் அறையில் 45 டெசிபெல் சத்தம் சாதாரணம், அப்போது குரலுக்கும் ஃபேனுக்கும் இடைவெளி 35 மட்டுமே. ஃபேனை அணைத்து, நடுராத்திரியில் 30-க்கு வந்தால்தான் 50. ஆக, எந்த நிலையிலும் முதலில் கேட்பது அறைதான், இன்டர்ஃபேஸ் அல்ல. கெயினை முழுக்கத் திருகுவது கண்ணுக்குத்தான் பயமாக இருக்கிறது.

மெல்லிய குரலில், ரகசியம் பேசுகிற மாதிரிப் பகுதிகளை வாசித்தால் மட்டும் அந்த 57 போதாமல் போகும். ஒலிநூலுக்குப் பரவலாக எடுத்துக்கொள்ளும், ஏசிஎக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தின் அளவுகோலில் அமைதியான இடம் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும், குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவில். அப்படியென்றால் குரலுக்கும் இரைச்சலுக்கும் 40 டெசிபெல் இடைவெளி இருந்தால் தேறிவிடும். டைனமிக்கிலேயே அது கிடைக்கும். ரகசியக் குரல் அதிகம் வருமென்றால் 25 டெசிபெல் சேர்க்கும் க்ளவுட்லிஃப்டர் மாதிரிப் பூஸ்டர் ஒன்று இடையில் போதும். 48 வோல்ட்டில் அது தானே ஓடும், அந்த வோல்ட்டை மைக்குக்கு அனுப்பாது, எனவே அந்த வோல்ட் பட்டால் கெடக்கூடிய பழைய ரிப்பன் மைக்குகளுக்கும் பயமில்லாமல் போடலாம்.


மிக்ஸ்மேசை:

பிட் அண்ணன் போட்ட கணக்கு என் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. கேள்விக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று: கண்டென்சர் 25 மடங்கு அதிகம் கொடுக்கிறது என்பதற்காக அறைச் சத்தம் குறையாது. குரலும் ஃபேனும் சேர்ந்துதான் 25 மடங்காகும். டைனமிக்கில் வாயை ஒட்டி வாசிக்கலாம், 'ப', 'ம்' எல்லாம் தாங்கும், அதனால் அறை பின்னால் போகும். கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைத்தால் அறை முன்னால் வரும். தெருவில் ஆட்டோ போகும் வீட்டில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.


வால்வுராஜா:

தம்பிக்கு அறை நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன், மெத்தை போர்வை எல்லாம் தொங்கவிட்டு ஃபேனை அணைத்து வாசிக்கிறார். அதனால் கண்டென்சரைக் கைவிட வேண்டியதில்லை. 'சரசு' மட்டும்தான் மிச்சம் என்கிறார், அதற்கு என் யோசனை இது.

முதலில் மேசை சொன்ன ஷெல்ஃபைப் போட்டு, எந்த இடத்தில் எத்தனை டெசிபெல் இறக்கினால் உங்கள் காதுக்குச் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதைக் குறித்து வையுங்கள். 3 டெசிபெலிலேயே சரியானால் சர்க்யூட்டைத் தொடாதீர்கள், இன்டர்ஃபேஸோடு வரும் மென்பொருளில் ஹெட்ஃபோனுக்கும் அதே ஈக்யூ போகிற மாதிரி அமைத்துக்கொண்டு வாசியுங்கள். 5, 6 என்று போனால் தணிப்பு உள்ளேயே இருக்க வேண்டும். எஃப்இடியின் ட்ரெய்ன், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் போடுவதுதான் இந்த வகைப் போர்டில் வழக்கமான வழி, ஆனால் மதிப்பு எவ்வளவு என்பது அந்த எஃப்இடியையும் ரெசிஸ்டர்களையும் பொறுத்தது, ஒருவருடைய போர்டுக்குச் சரியானது இன்னொருவருக்குச் சரிவராது. போர்டின் படத்தையும் ரெசிஸ்டர் மதிப்புகளையும் இங்கே போடுங்கள், எல்டிஸ்பைஸில் (சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) வரைந்து நீங்கள் குறித்த ஈக்யூ வளைவுக்கு எது நெருங்கி வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். செராமிக் வேண்டாம், பாலிஸ்டைரீன் அல்லது ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்குங்கள்.

அதுவும் தலைவலி என்றால் கே47 மாதிரிக் கேப்சூல். அதற்குப் போர்டில் எதையும் மாற்ற வேண்டாம், இரண்டு ஒயர்தான். மாற்றும்போது 48 வோல்ட்டை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள். நடுவில் இருக்கும் திருகோடு இணைந்த ஒயரை அங்கே சுட வேண்டாம், ஒயரின் மறுமுனையைப் போர்டுப் பக்கம் கழற்றுங்கள். சால்டர் சூடு சவ்வின் நடுப்பகுதியைத் தொட்டால் கேப்சூல் போயிற்று. வேலை நடக்கும்போது கேப்சூலின் முகத்தின் மேல் சுத்தமான காகிதக் கப் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், ஃப்ளக்ஸ் தெறித்தால் அதில் போகட்டும்.


குரல்வழி:

4 டெசிபெல், 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து. அங்கேதான் எனக்குச் சரியாக இருக்கிறது. இப்போதைக்கு ஹெட்ஃபோனிலும் அதே ஈக்யூவைக் கொடுத்து வாசிக்கிறேன், உள் வலையையும் எடுத்துவிட்டேன். போர்டின் படத்தை நாளை பகலில் எடுத்துப் போடுகிறேன் அண்ணா, ரெசிஸ்டர்களின் நிறப்பட்டை இந்த வெளிச்சத்தில் பழுப்பா சிவப்பா என்று தெரியவில்லை. நெய்தல் சொன்ன ஐசோப்ரோபைல் இங்கே மருந்துக் கடையில் 70 சதவீதம்தான் கிடைக்கிறது, அது ஆகுமா?


நெய்தல்:

ஆகாது, மீதி 30 சதவீதம் தண்ணீர். மொபைல் சர்வீஸ் செய்பவர்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் கேளுங்கள், 99 சதவீதம் அங்கே பாட்டிலில் கிடைக்கும்.